காதில் சீழ், காரணம் தோலில்: அலர்ஜி உள்ள நாய்களின் காதைக் காப்பது எப்படி?

மலர்க் குழு நண்பர்கள் என்னிடம் கட்டுரை கேட்டபோது, "டாக்டர், எல்லாரும் இலக்கியம், கோயில், வரலாறுன்னு எழுதித் தராங்க. நீங்க வீட்டுக்கு உபயோகமா நாய் பூனை பத்தி எழுதுங்களேன்" என்றார்கள். எனக்கும் அது சரி என்றே பட்டது. நான் மும்பைக்கு வந்த புதிதில், நம்மவர்கள் வீட்டில் நாய் வளர்ப்பது அபூர்வம். இன்று செம்பூரிலும் மாட்டுங்காவிலும் முலுண்டிலும் டோம்பிவிலியிலும் தமிழ்க் குடும்பங்கள் நாயோடு என் கிளினிக்குக்கு வருகின்றன. வீட்டுக் கடைக்குட்டி மாதிரிதான் அதை வளர்க்கிறார்கள்.

அவர்கள் கொண்டு வரும் புகார்களில், ஒவ்வொரு மழைக்காலத்திலும் தவறாமல் வருவது ஒன்று உண்டு. "டாக்டர், காதுல ஒரே நாத்தம். தலையை உதறிக்கிட்டே இருக்கு. போன தடவை நீங்க குடுத்த சொட்டு மருந்துல சரியாச்சு, மறுபடியும் வந்துடுச்சு." இந்த 'மறுபடியும்' என்ற சொல்லைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. காது நோய் ஒரு தடவை வருவது எந்த நாய்க்கும் நடக்கக் கூடியது. ஆனால் திரும்பத் திரும்ப வந்தால், பெரும்பாலும் காரணம் காதில் இல்லை, தோலில் இருக்கிறது. இதை நான் படித்துத் தெரிந்துகொண்டதைவிட, பட்டுத் தெரிந்துகொண்டதே அதிகம். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

ஜிம்மி கற்றுக்கொடுத்த பாடம்

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிப்பை முடித்துவிட்டு 1991-ல் நான் இங்கே வந்தபோது, இந்த ஊருக்குப் பம்பாய் என்றுதான் பெயர். கிளினிக் வைத்து மூன்றாண்டு ஆகியிருக்கும். ஒரு மாமி, ஜிம்மி என்ற காக்கர் ஸ்பேனியல் நாயைக் கொண்டு வந்தார். நீளக் காது, சுருட்டை முடி, யாரைக் கண்டாலும் வாலை ஆட்டும் குணம். காதுக்குள் பழுப்பு நிறத்தில் மெழுகு மாதிரி அழுக்கு, புளித்த வாடை. நான் காதைச் சுத்தம் செய்து சொட்டு மருந்து கொடுத்தேன். பத்து நாளில் சரியாயிற்று.

இரண்டு மாதம் கழித்து மாமி மறுபடி வந்தார். மறுபடி சொட்டு மருந்து. அடுத்த மழைக்காலத்தில் மூன்று தடவை. மருந்தை மாற்றினேன், ஊசி போட்டேன். ஒவ்வொரு தடவையும் குணமானது, ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்தது. இப்படியே இரண்டரை ஆண்டு ஓடிற்று. அதற்குள் காதுக் குழாயின் தோல் தடித்துத் தடித்து, உள்ளே மருந்து இறங்க வழியில்லாமல் அடைத்துக்கொண்டது. தலையைத் தொட்டாலே ஜிம்மி கத்த ஆரம்பித்தது. யாரையும் கடித்தறியாத நாய், மாமியின் பேரனைக் கடிக்கப் போயிற்று.

கடைசியில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி, இரண்டு காதுக் குழாய்களையும் முழுதாக வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. வலி போயிற்று. கேட்கும் சக்தியும் ஏறக்குறைய அதோடு போயிற்று.

தையல் பிரிக்க வந்த அன்று மாமி சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "டாக்டர், தப்பா நினைச்சுக்காதீங்கோ. இது குட்டியா இருக்கறச்சேலேர்ந்து முன்னங்காலை நக்கிண்டே இருக்கும். வயித்தைச் சொறிஞ்சுண்டே இருக்கும். அதுக்கும் காதுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்குமோ?"

சம்பந்தம் இருந்தது. முழுச் சம்பந்தமும் இருந்தது. அந்தக் கேள்வியை முதல் நாளே நான் மாமியிடம் கேட்டிருக்க வேண்டும். இரண்டரை ஆண்டும் நான் காதை மட்டுமே பார்த்தேன், நாயைப் பார்க்கவில்லை. காது நோய்க்கு மூல காரணம் வேறு, அதைத் தூண்டும் சூழ்நிலை வேறு, அதைத் தீராமல் நீடிக்கச் செய்யும் மாற்றங்கள் வேறு என்று அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஆகஸ்ட் 1988-லேயே பிரித்து எழுதியிருந்தார். நான் அதைத் தேடிப் படித்தது ஜிம்மிக்கு அறுவை ஆன பிறகுதான்.

காதும் தோல்தான்

நம் காதுக் குழாய் ஏறக்குறைய நேராக உள்ளே போகிறது. நாயின் காது அப்படியல்ல. மடலில் தொடங்கிச் செங்குத்தாகக் கீழே இறங்கி, பிறகு ஒரு முழங்கை மாதிரி மடங்கி, உள்பக்கமாகப் படுத்த வாக்கில் போய்ச் செவிப்பறையில் முடிகிறது. ஆகவே உள்ளே போன ஈரமும் அழுக்கும் தானாக வெளியே வழிவது கடினம்.

இந்தக் குழாயின் உள்சுவர் முழுக்கத் தோல்தான். உடம்புத் தோலில் இருப்பது போலவே முடிக்கால்களும், எண்ணெய்ச் சுரப்பிகளும், குறும்பி சுரக்கும் சுரப்பிகளும் அங்கே உண்டு. ஆரோக்கியமான காதுக்கு ஒரு அழகான ஏற்பாடும் இருக்கிறது. செவிப்பறையிலிருந்து வெளிப்புறமாகத் தோலின் மேல்படலம் மெல்ல மெல்ல நகர்ந்து, அழுக்கையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு வந்துவிடும். தன்னைத் தானே பெருக்கிக்கொள்ளும் வாசல் அது. அதனால்தான் நல்ல காதை நாம் சுத்தம் செய்யவே தேவையில்லை.

அலர்ஜி உள்ளே என்ன செய்கிறது?

ஒவ்வாமை உள்ள நாய்க்கு உடம்புத் தோல் சிவந்து அரிக்கிறது அல்லவா, அதே வீக்கம் காதுக் குழாயின் தோலிலும் நடக்கிறது. தோல் வீங்கியதும் குழாய் குறுகுகிறது. சுரப்பிகள் அதிகமாகச் சுரக்கின்றன. தன்னைப் பெருக்கிக்கொள்ளும் அந்த ஏற்பாடு தடைபடுகிறது. உள்ளே சூடு, ஈரம், கொழுப்பு மூன்றும் சேர்கின்றன.

சாதாரணமாக நாயின் தோலில் சாதுவாகக் குடியிருக்கும் மலசீசியா என்ற ஈஸ்ட் பூஞ்சைக்கும், ஸ்டஃபைலோகாக்கஸ் வகை பாக்டீரியாவுக்கும் இது கொழுத்த இடம். அவை பெருகுகின்றன. வாடையும் பழுப்பு அழுக்கும் அங்கேதான் பிறக்கின்றன. கவனிக்காமல் விட்டால், பிறகு சூடோமோனாஸ் என்ற பிடிவாதமான பாக்டீரியா வந்து சேரும். அது வந்தால் பச்சை மஞ்சளாகச் சீழ், உள்ளே புண், தாங்க முடியாத வலி. பல மருந்துகளுக்கு அது மசியாது.

மும்பை வாசிகளுக்கு இதைப் புரியவைக்க நான் ஒரு உதாரணம் சொல்வேன். மழைக்காலத்தில் மேல்தளத்திலிருந்து தண்ணீர் கசிந்து சுவரில் பூஞ்சை பூக்கிறது. ஆளைக் கூப்பிட்டுச் சுரண்டி பெயின்ட் அடிக்கிறோம். சுவர் பளபளக்கிறது. அடுத்த ஜூனில் மறுபடி பூக்கிறது. பெயின்ட் மேல் தப்பா? இல்லை, மொட்டை மாடியில் வாட்டர்ஃப்ரூஃபிங் செய்யாதது தப்பு. காது நோயில் ஈஸ்டும் பாக்டீரியாவும் சுவர்ப் பூஞ்சை, சொட்டு மருந்து பெயின்ட், அலர்ஜிதான் மாடிக் கசிவு. பெயின்டும் வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது.

எப்படிச் சந்தேகப்படுவது?

தோல் அலர்ஜி உள்ள நாய்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றுக்கு எப்போதாவது காது நோய் வந்துவிடுகிறது. சில நாய்களுக்குக் காது மட்டுமே அலர்ஜியின் அடையாளமாக இருக்கும். உங்கள் வீட்டு நாய்க்குக் காது நோய் இரண்டாம் தடவை வந்தால், கீழே உள்ளவற்றைக் கவனித்து மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

முன்னங்கால் பாதங்களை ஓயாமல் நக்குகிறதா? வெள்ளை முடி நாயாக இருந்தால், எச்சில் பட்டு அந்த இடம் செம்பழுப்பாகிவிடும், இதை யாரும் சுலபமாகப் பார்க்கலாம். முகத்தைச் சோபாவிலும் பாயிலும் தேய்க்கிறதா? அக்குள், அடிவயிறு சிவந்திருக்கிறதா? காது மடலின் உள்பக்கம் சூடாகவும் சிவப்பாகவும் இருக்கிறதா? இதெல்லாம் மூன்று வயதுக்குள் ஆரம்பித்ததா? குறிப்பிட்ட மாதங்களில் மட்டும் வருகிறதா, ஆண்டு முழுக்கவா?

லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், காக்கர் ஸ்பேனியல், பக், ஷிட்சூ, ஜெர்மன் ஷெப்பர்ட் ஆகிய இனங்களை இந்த விஷயத்தில் அதிகம் பார்க்கிறோம். காது தொங்கினால்தான் நோய் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். தொங்கும் காது ஒரு துணைக் காரணம், அவ்வளவே. நிமிர்ந்த காதுள்ள ஷெப்பர்டுக்கும் வருகிறது, தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் நாட்டு நாய்க்கும் வருகிறது.

ஒன்று சொல்ல வேண்டும். குட்டி நாயின் இரண்டு காதிலும் காப்பித்தூள் மாதிரி கறுப்பு அழுக்கு இருந்தால், அது காதுப் பேனாக இருக்கலாம். ஒரே காதில் திடீரென்று வந்தால், புல் விதையோ வேறு பொருளோ உள்ளே சிக்கியிருக்கலாம். எல்லாவற்றையும் அலர்ஜி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அதனால்தான் மருத்துவர் காதுக்குள் விளக்குக் கருவியை வைத்துப் பார்க்க வேண்டும். அழுக்கைக் கொஞ்சம் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். நிலக்கடலை வடிவத்தில் தெரிந்தால் ஈஸ்ட், உருண்டையாகவோ குச்சியாகவோ தெரிந்தால் பாக்டீரியா. பத்து நிமிஷ வேலை. இதைச் செய்யாமல் மருந்து எழுதுவது இருட்டில் கல்லெறிவதுதான். நானும் எறிந்தவன்தான்.

முதல் வேலை: உண்ணி, தெள்ளுப்பூச்சி

அலர்ஜிக்கான காரணங்களை ஒவ்வொன்றாகக் கழிக்க வேண்டும். சுலபமானது முதலில். தெள்ளுப்பூச்சியின் எச்சிலுக்கே அலர்ஜி உள்ள நாய்கள் உண்டு. உண்ணி காது மடலிலும் காதுக்குள்ளும் ஒட்டிக்கொண்டு அரிப்பைக் கூட்டும், அதோடு காய்ச்சல் நோய்களையும் கொண்டு வரும். "எங்க நாய் ஃப்ளாட்டை விட்டு வெளியவே போறதில்லை" என்பார்கள். லிஃப்டிலும் படிக்கட்டிலும் நம் செருப்பிலும் இவை வரும்.

ஆகவே ஆண்டு முழுக்க, மாதம் தவறாமல் பூச்சித் தடுப்பு. கழுத்தில் விடும் மருந்தோ மாத்திரையோ, மருத்துவர் சொல்வது எதுவானாலும் சரி. இப்போது வரும் ஃப்ளூரலானர், அஃபாக்சோலானர் வகை மாத்திரைகள் நன்றாக வேலை செய்கின்றன. நாய்க்கு வலிப்பு வந்த வரலாறு இருந்தால் மட்டும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது: சாப்பாடு

இங்கேதான் நம் வீடுகளில் சிக்கல். நம்மவர்கள் வீட்டு நாய் எதை உண்டு வளர்கிறது? பெரும்பாலும் தயிர் சாதம், பால், சப்பாத்தி, பிஸ்கட், அசைவ வீடாக இருந்தால் கோழி, முட்டை. உணவு அலர்ஜி உள்ள நாய்களைப் பற்றி 2016-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், மாட்டிறைச்சி 34, பால் பொருட்கள் 17, கோழி 15, கோதுமை 13 சதவீத நாய்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டார்கள். பட்டியலில் முன்னால் நிற்பவற்றில் பெரும்பாலானவை நம் தட்டிலிருந்தே நாய்க்குப் போகின்றன. அதற்காகத் தயிர் சாதம் எல்லா நாய்க்கும் விஷம் என்று அர்த்தமில்லை. உங்கள் நாய்க்கு எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

இரத்தப் பரிசோதனையில் உணவு அலர்ஜி தெரிந்துவிடும் என்று சிலர் பணத்தைக் கொட்டுகிறார்கள். அது நம்பத்தக்கதல்ல. ஒரே வழி பத்தியம். 8 வாரம், நாய் இதுவரை உண்டறியாத ஒரு புரதமும் ஒரு மாவுச்சத்தும் மட்டும். மீன் சமைக்கும் வீட்டில், நாய் அதுவரை மீனே தின்றதில்லை என்றால், மீனும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் கொடுக்கலாம். சைவ வீட்டில், புரதத்தை நுண்ணிய துண்டுகளாக உடைத்துத் தயாரித்த 'ஹைட்ரோலைஸ்டு' உணவை மருத்துவர் எழுதித் தருவார். துண்டு சிறியதாகிவிடுவதால் உடம்பின் காவல் படைக்கு அது இன்னதென்று அடையாளம் தெரியாது. வீட்டுப் பத்தியம் சோதனைக்கு மட்டும்தான். ஆண்டுக்கணக்கில் கொடுப்பதாக இருந்தால் சத்துகளைச் சரிபார்த்து எழுதி வாங்க வேண்டும்.

உணவு அலர்ஜி உள்ள நாய்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல், 8 வாரத்துக்குள் குறைந்துவிடும். பிறகு பழைய உணவைத் திரும்பக் கொடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் அரிப்பு திரும்பினால் குற்றவாளி பிடிபட்டான்.

சொல்வது சுலபம், நடத்துவது கஷ்டம். பத்தியத்தைக் கெடுப்பது நாய் அல்ல, வீட்டார்தான். கறி வாசனை சேர்த்த மாத்திரை, மாத்திரையை மறைத்துக் கொடுக்கும் வெண்ணெய், குழந்தையின் தட்டிலிருந்து விழும் இட்லித் துண்டு, கோயில் பிரசாதம், எல்லாமே கணக்கில் வரும்.

மூன்றாவது: வீட்டுத் தூசி, காற்று

பூச்சியும் இல்லை, உணவும் இல்லை, ஆனாலும் அரிக்கிறது என்றால், அதைச் சுற்றுப்புற ஒவ்வாமை என்கிறோம். வீட்டுத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சி, மகரந்தம், பூஞ்சைத் துகள் ஆகியவை காரணம். ஈரக் காற்றுள்ள மும்பை மாதிரி ஊரில் தூசிப்பூச்சிக்கு ஆண்டு முழுக்கக் கொண்டாட்டம். சில நாய்களுக்கு உணவும் தூசியும் இரண்டுமே ஒத்துக்கொள்ளாமல் போவதுண்டு.

இது தீரும் வியாதி அல்ல, அடக்கி வைக்கும் வியாதி. நமக்குச் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் மாதிரி. நாயின் படுக்கை விரிப்பை வாரம் ஒரு முறை 60 டிகிரிக்கு மேற்பட்ட வெந்நீரில் துவைக்க வேண்டும். மருத்துவர் சொன்ன ஷாம்பூவால் குளிப்பாட்டி, நுரையைப் பத்து நிமிஷம் ஊறவிட்டுக் கழுவ வேண்டும். அரிப்பைக் கட்டுப்படுத்த இப்போது நல்ல மருந்துகள் வந்துவிட்டன. ஒக்லாசிடினிப் மாத்திரைக்கு அமெரிக்காவில் 2013-ல் அனுமதி கிடைத்தது. லோகிவெட்மாப் என்ற ஊசி அதற்குப் பின் வந்தது, அரிப்புச் செய்தியைக் கொண்டுபோகும் ஒரு புரதத்தைப் பிடித்து நிறுத்துகிறது. எந்தத் தூசி என்று சோதித்து, அதையே சிறிது சிறிதாக ஊசி மூலம் கொடுத்து உடம்பைப் பழக்கும் முறையும் உண்டு. பலன் தெரிய ஓராண்டுகூட ஆகலாம், பொறுமை வேண்டும்.

ஸ்டீராய்டு என்றாலே பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வீங்கி அடைத்த காதுக் குழாயைத் திறக்க, குறைந்த காலத்துக்குக் கணக்காகக் கொடுக்கும் ஸ்டீராய்டுக்கு இணை இல்லை. ஆபத்து எங்கே என்றால், காரணம் தேடாமல் மாதா மாதம் போடும் நீண்ட நாள் ஊசியில்தான்.

காது கழுவும் முறை

இனி, நீங்கள் வீட்டில் செய்ய வேண்டியது. அலர்ஜி உள்ள நாயின் காது தன்னைத் தானே பெருக்கிக்கொள்ளாது என்று பார்த்தோம், ஆகவே நாம் பெருக்க வேண்டும். ஆனால் காது வலிக்கும்போது, சீழ் வரும்போது நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். முதலில் மருத்துவர் செவிப்பறை முழுசாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். நோய் அடங்கிய பிறகு, பெரும்பாலான நாய்களுக்கு வாரம் ஒரு முறை போதும். தினமும் கழுவினால் தோல் ஊறிப்போய் நோயை நாமே அழைத்த மாதிரி ஆகும்.

நாய்களின் காதுக்கென்றே விற்கும் கழுவு நீரை வாங்குங்கள். பாட்டிலைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றுங்கள், சில்லென்று விட்டால் நாய் அடுத்த தடவை கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்ளும். ஒருவர் நாயை மடியோடு அணைத்துப் பிடிக்க, மற்றவர் காது மடலை மேல்நோக்கி நேராகத் தூக்க வேண்டும். அப்போது அந்த முழங்கை வளைவு சற்று நிமிரும். குழாய் நிரம்பும் வரை நீரை விடுங்கள். பாட்டில் முனை காதைத் தொடக் கூடாது.

பிறகு கன்னத்துக்கு மேல், காதின் அடிப்பகுதியில், குழாய் கையில் தட்டுப்படும். அதை அரை நிமிஷம் பிசைந்து விடுங்கள். 'சளக் சளக்' என்று சத்தம் வந்தால் சரியாகச் செய்கிறீர்கள். கையை எடுத்ததும் நாய் தலையை உதறும், உதறட்டும், அழுக்கை மேலே கொண்டுவருவது அந்த உதறல்தான். ஆகவே இதை ஹாலில் செய்யாமல் பாத்ரூமில் செய்வது குடும்ப அமைதிக்கு நல்லது. வெளியே வந்த அழுக்கை விரலில் சுற்றிய பஞ்சால், விரல் போகும் தூரம் வரை ஒற்றி எடுங்கள். முடிந்ததும் ஒரு தின்பண்டம். பத்தியத்தில் இருந்தால், பத்திய உணவிலேயே ஒரு துண்டு.

கழுவும் ஒவ்வொரு தடவையும் முதலில் மூக்கை வைத்துப் பாருங்கள். வாடையில் மாற்றம், நிறத்தில் மாற்றம், சிவப்பு. நோய் முற்றும் முன் உங்கள் மூக்குக்குத் தெரிந்துவிடும். குளிப்பாட்டும்போது காதில் பஞ்சு வைத்து, முடிந்ததும் நினைவாக எடுத்துவிடுங்கள். மழையில் நனைந்து வந்தால், காது மடலைத் தூக்கித் துடைத்துக் காயவிடுங்கள்.

செய்யக் கூடாதவை

தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், பூண்டு காய்ச்சிய எண்ணெய் எதையும் காதில் விடாதீர்கள். பாட்டி வைத்தியத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் மலசீசியா ஈஸ்ட் கொழுப்பை விரும்பி உண்ணும் உயிரி. எண்ணெய் விடுவது அதற்கு இலை போட்டுப் பரிமாறுவதுதான். ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டாம், புண்ணில் எரியும். காது குடையும் பட்ஸ் வேண்டாம், அழுக்கை உள்ளே தள்ளி இடித்துவிடும். நோயில்லாத காதில் முடியைப் பிடுங்க வேண்டாம்.

வீட்டில் மிச்சமிருக்கும் சொட்டு மருந்தையோ, குழந்தைக்கு வாங்கிய மருந்தையோ விடாதீர்கள். செவிப்பறை கிழிந்திருந்தால், ஜென்டமைசின் போன்ற சில மருந்துகள் உள்காதில் இறங்கி நாயைச் செவிடாக்கிவிடக் கூடும். மருந்து விட்டு நாலு நாளில் நாற்றம் போனதும் நிறுத்துவதும் தப்பு. மறுபடி தகட்டில் தடவிப் பார்த்து, கிருமி இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகே நிறுத்த வேண்டும். காது மடல் திடீரென்று பூரி மாதிரி உப்பினால், உதறி உதறி உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறது, அன்றே கூட்டி வாருங்கள்.

நன்றாக இருக்கும் நாட்களே முக்கியம்

சில ஆண்டுகளுக்கு முன் மணி என்ற லாப்ரடார் வந்தது. நாலு வயது, ஓராண்டில் ஐந்து தடவை காது நோய். வீட்டில் குழந்தை பிறக்கப் போகிறது, நாற்றமும் செலவும் தாங்காமல் பன்வேல் பக்கம் யாருக்கோ கொடுத்துவிட முடிவு செய்திருந்தார்கள். "கடைசியா ஒரு தடவை காட்டிட்டுப் போலாம்னு வந்தோம், டாக்டர்" என்றார் அந்தப் பெண், கண் கலங்கியபடி.

நான் முதலில் பார்த்தது பாதத்தை. எச்சில் கறை அப்படியே இருந்தது. மூன்று மாதம் அவகாசம் கேட்டேன். காதைத் திறக்கக் குறுகிய கால ஸ்டீராய்டு, ஈஸ்டுக்குச் சொட்டு மருந்து, பூச்சி மாத்திரை, பத்தியம். முதல் பத்தியம் தோல்வி. விசாரித்தால், காலையில் டீயில் தோய்த்த பிஸ்கட் பாதி தாத்தாவுக்கு, பாதி மணிக்கு. போதாததற்கு நவராத்திரி கொலுவுக்கு வந்த குழந்தைகள் சுண்டலை வேறு ஊட்டியிருக்கிறார்கள். "பாவம் சார், அது என் மூஞ்சியையே பாக்குது" என்றார் தாத்தா. நான் கோபித்துக்கொள்ளவில்லை. இது தொடர்ந்தால் மணி பன்வேல் போக வேண்டியதுதான் என்று மட்டும் சொன்னேன்.

இரண்டாவது பத்தியத்துக்குத் தாத்தாவே காவல்காரர் ஆனார். மணிக்குக் கோழி ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்தது. கோழியை நிறுத்தியதில் பாதி அரிப்பு போயிற்று, மீதி தூசி அலர்ஜி. அதற்கு மருந்தும் வாராந்திரக் குளியலும். காது அடங்கிய பிறகும் விடவில்லை. வாரம் ஒரு முறை கழுவல், வாரம் இரண்டு நாள் நான் எழுதித் தந்த ஸ்டீராய்டு காது மருந்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனை. முன்பு சரியானதும் மறந்துவிடுவார்கள், அதனால்தான் திரும்பி வந்தது. அலர்ஜி உள்ள நாயின் காதைக் காப்பாற்றுவது, நோய் வந்த நாளில் போடும் மருந்தைவிட, நோய் இல்லாத நாளில் செய்யும் இந்த வேலைதான்.

மணிக்கு அறவே நோய் வரவில்லை என்று சொல்ல மாட்டேன். போன இரண்டு மழைக்காலத்தில் ஒரு தடவை வந்தது, வாடை மாறிய மறுநாளே தாத்தா கூட்டி வந்துவிட்டார், ஒரு வாரத்தில் அடங்கிற்று. அவர் வீட்டுத் தினசரி காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைத் தாள்களில் எல்லாம் 'கா' என்று எழுதி வைத்திருக்கிறார், காது கழுவும் நாள். பேத்திக்கு இப்போது மூன்று வயது. ஞாயிறு காலை பாட்டிலைக் கையில் வைத்துச் சூடேற்றுவது அவள் வேலையாம். மணி அவள் பக்கத்தில்தான் படுக்கிறது.

உங்கள் வீட்டு நாய் இன்று ராத்திரி காலை நக்கிக்கொண்டிருந்தால், அதைச் சும்மா பழக்கம் என்று விட்டுவிடாதீர்கள். காது மடலைத் தூக்கி ஒரு தடவை பாருங்கள், மோந்து பாருங்கள். மாமி என்னிடம் கேட்ட கேள்வியை உங்கள் மருத்துவரிடம் முதல் நாளே கேளுங்கள்.